உழவாரமும் அடைக்கலமும்

'எல்லாம் அவன் செயல்' என்னும் தொடர் பலருடைய நாவிலும் பழகிக் கிடக்கின்றது. முயற்சியுடையார் அதனைப் பணிவின் அடையாளமாகச் சொல்வர். முயற்சியில்லாதாரோ சோம்பலுக்குப் போர்வையாக்கிக் கொள்வர். எனின், இறைவன் தன்னை வழிநடத்துவான் என நம்புதலின் உண்மைப் பொருள் யாது? திருநாவுக்கரசர் வரலாற்றின் வாயிலாகச் சேக்கிழார் பெருமான் தரும் விடை ஆராய்தற்குரியது.

7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நாவரசரின் வரலாற்றை 12ஆம் நூற்றாண்டில் எழுந்த பெரியபுராணம் விரித்துரைக்கின்றது. வகுப்பறைகளில் இப்பகுதி பெரும்பாலும் அற்புதங்களின் வரிசையாகவே கற்பிக்கப்படுகின்றது. நீற்றறையில் வேகாமையும், நஞ்சுண்டும் சாகாமையும், கல்லோடு பிணித்துக் கடலில் இட்டும் கரையேறியமையும் மாணவர் மனத்தில் நிற்கின்றன. ஆயின், காப்பியத்தின் உயிர்நிலை அவற்றில் மட்டும் இல்லை.

முதற்கண் தமக்கையார் திலகவதியாரை நோக்குவோம். பெற்றோர் மறைந்தனர், மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போர்க்களத்தில் வீழ்ந்தார். உயிர்விடத் துணிந்த அம்மையார், தம்பியின் பொருட்டே வாழ இசைந்தார். அத்தம்பியும் சமணம் சார்ந்து பிரிந்தபின், திருவதிகைக் கோயிலை அடைந்து அலகிட்டார், மெழுகினார், மாலை தொடுத்தார். தம்பிக்காக அவர் செய்த வேண்டுகோளுக்குக் கனவில் விடை கிடைத்தது பின்னரே. பணி முன்னும் விடை பின்னுமாகக் கவிஞர் அமைத்த இவ்வரிசை கருதத்தக்கது. விடை வந்தபின் பணி தொடங்குவேன் என அம்மையார் காத்திருக்கவில்லை.

இவ்வரலாற்றின் சிகரம் கயிலைப் பயணமாகும். காளத்தியினின்று வடதிசை சென்று காசியையும் கடந்த நாவரசர், தனியராய் நடந்தார். கால்கள் தேய்ந்தன, கைகளால் தாவினார், மார்பால் ஊர்ந்தார், பின்னர் உருண்டார். உறுப்புகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தும் உள்ளம் ஓயாமையை இவ்வடுக்கு காட்டுகின்றது. இத்துணைத் தூய வேட்கைக்கும் முதலில் கிட்டியது மறுப்பே. முனிவர் வடிவில் வந்த இறைவன், மீள்க என்றான். மீளேன் என்றார் அடியார். முடிவில், திருவையாற்றிலேயே கயிலைக் காட்சி காண்க என ஆணை பிறந்தது. அங்கிருந்த பொய்கையில் மூழ்கியவர், ஐயாற்றுக் குளத்தில் எழுந்தார்.

உடல் தேய்ந்ததும் மீண்டும் நலம் பெற்றதும் உயர்வு நவிற்சி என்பாரும் உளர். நான்காம் திருமுறையிலுள்ள ஐயாற்றுப் பதிகத்தோடு ஒப்பிடின் இக்கருத்து தன் வலிமையை இழக்கும். அப்பதிகத்தில் நாவரசர் கண்டனவாகக் கூறுபவை பொன்மலையோ மணிமாடமோ அல்ல. பிடியொடு வரும் களிறு, பெடையொடு கூடிய கோழி, குயில், மயில் முதலியனவே. நாள்தோறும் காணும் உயிர்களின் இணையில் அம்மையப்பனைக் கண்டார் அவர். தேடிச் சென்ற மலை, விட்டுச் சென்ற மண்ணிலேயே இருந்தது. இவ்வுண்மைக்குச் சேக்கிழார் அமைத்த கதைவடிவமே அந்நெடும்பயணம் எனலாம். விரும்பிய இடம் மறுக்கப்படுதலும் ஒரு வழிகாட்டலே என்பது இதனாற் பெறப்படும்.

காட்சி பெற்றபின்னும் அவர் ஓய்ந்திருந்தாரல்லர். திருப்புகலூரில் முதுமையிலும் உழவாரம் ஏந்திப் புல் செதுக்கினார். அம்முற்றத்தில் பொன்னும் மணியும் தோன்றியபோது, கல்லோடும் புல்லோடும் சேர்த்து அவற்றையும் வாவியில் எறிந்தார். ஈண்டு அடைக்கலத்தின் பொருள் முழுமை பெறுகின்றது. காக்கும் கடமையை இறைவனுக்கு விட்டவர், உழைக்கும் கடமையைத் தம் கையிலேயே வைத்துக் கொண்டார்.

ஆகவே, நாவரசர் புராணம் விதியின்மேல் பழிபோட்டுக் கைகட்டி நிற்போருக்குத் துணை நிற்பதன்று. விரும்பிய துறையோ விரும்பிய ஊரோ வாய்க்காத இளைஞனுக்கு ஆசிரியர் சொல்லத்தக்க செய்தி இதிலுண்டு. மிதந்த கல்லைக் காட்டுவதோடு நில்லாது, தேய்ந்த உழவாரத்தையும் காட்டிக் கற்பித்தல் வேண்டும். அப்போது இக்காப்பியம் தேர்வுக்குரிய பாடமாக மட்டுமன்றி, வாழ்வுக்குரிய துணையாகவும் விளங்கும்.