தலை ஏறாத ஓட்டம்

திருச்சி அண்ணா விளையாட்டரங்கில் தடை ஓட்டப் பயிற்சி நடந்தால் பக்கவாட்டில் நின்று பாருங்கள். நல்ல வீரரின் தலை தடைக்கு மேலும் அதிகம் ஏறி இறங்காது. எனக்கு அதுதான் பேரழகு. 110 மீட்டரில் 10 தடைகள், உயரம் 106.7 செ.மீ., இடைவெளி 9.14 மீட்டர். அதற்குள் மூன்றே காலடிகள். முன்கால் சட்டென்று தரைக்கு வர, பின்கால் பக்கவாட்டில் மடங்கி முன்னே பாயும். காற்றில் மிதக்கும் நேரமெல்லாம் நஷ்டம்.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்த ஓட்டத்தின் இறுதிப் போட்டியில் இந்தியாவின் குர்பச்சன் சிங் ரந்தாவா 14.0 விநாடியில் ஐந்தாவதாக வந்தார். எவ்வளவு பெரிய ஓட்டம்! 2024-இல் இன்னொரு இந்தியர் தேஜஸ் ஷிர்சே 13.41-ஐத் தொட்டார். 2012-இல் ஏரீஸ் மெரிட் படைத்த உலக சாதனை 12.80.

ஓட்டக்காரர்கள் ஆரோக்ய ராஜீவ், சுபா, தனலட்சுமி மூவரையும் டோக்கியோ 2020 ஒலிம்பிக்குக்கு அனுப்பிய மாவட்டம் திருச்சி. ஒரு தடை ஓட்டக்காரரும் இங்கிருந்து வரவேண்டும்.