ஒப்புதலும் பாராட்டும்: நெடுவடிவ இம்ப்ரோவ் நகைச்சுவையின் மேல்நிலைப் பயிற்சி

எழுதப்பட்ட பனுவல் எதுவுமின்றி, பார்வையாளர் தரும் ஒரு சொல்லை முதலாகக் கொண்டு மேடையிலேயே உருவாக்கப்படும் நாடகத்தை அமெரிக்காவில் இம்ப்ரோவ் என வழங்குவர். தனித்தனி விளையாட்டுகளாகச் சில நிமிடங்களில் முடிவது குறுவடிவம். பல காட்சிகளைக் கோத்து அரைமணி நேர அளவில் ஒரே படைப்பாக விரிவது நெடுவடிவம். சிகாகோ, நியூயார்க் நகரங்களில் நெடுவடிவத்தைக் கற்பிக்கப் படிநிலை வகுப்புகள் தோன்றின. அவற்றை ஒட்டி நூல்களும் எழுந்தன. வயோலா ஸ்போலினின் 'இம்ப்ரொவைசேஷன் ஃபார் த தியேட்டர்' (1963), சார்னா ஹால்பெர்ன், டெல் க்ளோஸ், கிம் ஜான்சன் மூவரும் எழுதிய 'ட்ரூத் இன் காமெடி' (1994), அப்ரைட் சிட்டிசன்ஸ் பிரிகேட் குழுவினரான பெஸ்ஸர், ராபர்ட்ஸ், வால்ஷ் ஆகியோரின் கையேடு (2013) என்பன அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இம்மூன்றனையும் ஒருசேர வைத்து நோக்குங்கால், தொடக்க வகுப்பில் புலப்படாத ஒரு முரண் மேல்நிலை வகுப்பில் வெளிப்பட்டு நிற்றலைக் காணலாம்.

இலக்கியத்திலிருந்தே இலக்கணம் எடுக்கப்படும் என்பது தமிழ் மரபு கண்ட கருத்து. இம்ப்ரோவிலோ இலக்கியம் நிகழ்ந்த அளவிலேயே மறைந்துவிடுகிறது. இலக்கணம் மட்டும் எஞ்சுகிறது. அச்சில் ஏறிய எடுத்துக்காட்டுக் காட்சி, அச்சில் ஏறிய அக்கணமே எழுதப்பட்ட உரையாடலாகிவிடும். ஆதலின் இந்நூல்களின் விதிகளைச் சரிபார்க்கும் இடம் நூலகம் அன்று, வகுப்பறையே.

ஸ்போலின், சிகாகோவின் ஹல் ஹவுஸ் சமூக இல்லத்தில் நீவா பாய்டிடம் பயின்றவர். குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் மொழித்தடையைக் கடந்து நடிப்பதற்கு ஏற்ற விளையாட்டுகளை அவர் வகுத்தார். அவர் நூலின் உயிர்நிலை, பாராட்டையும் பழிப்பையும் எதிர்நோக்கும் மனநிலையிலிருந்து நடிப்பவரை விடுவிக்க வேண்டும் என்பதாகும். ஒவ்வொரு விளையாட்டும் ஒரு சிக்கலை முன்வைக்கும். நடிப்பவர் கவனம் அதன்மேல் நிற்கும். விளையாட்டு முடிந்தபின் எழுப்பப்படும் வினா 'நன்றாக நடித்தாரா' என்பதன்று. 'சிக்கல் தீர்க்கப்பட்டதா' என்பதே. நகைச்சுவை அவருக்கு இலக்கு அன்று. அவர் மகன் பால் சில்ஸ், டேவிட் ஷெப்பர்டுடன் 1955இல் தொடங்கிய காம்பஸ் குழுவிலும், 1959இல் தோன்றிய செகண்ட் சிட்டி அரங்கிலும் இவ்விளையாட்டுகள் புகுந்த பின்னரே அவை சிரிப்பிற்குக் கருவியாயின. சிரிப்பு என்பதும் பார்வையாளரின் பாராட்டு அன்றி வேறென்ன?

நெடுவடிவத்திற்கு உருவம் தந்தவராகக் கருதப்படுபவர் டெல் க்ளோஸ். 1967இல் கலிபோர்னியாவில் த கமிட்டி குழுவுடன் அவர் வளர்த்த 'ஹரால்ட்' என்னும் அமைப்பு, பின்னர்ச் சிகாகோவின் இம்ப்ரோவ் ஒலிம்பிக் அரங்கில் நிலைபெற்றது. ஒரு சொல்லிலிருந்து தொடக்கம், மூன்று காட்சிகள், இடையிடையே குழுவினர் அனைவரும் ஆடும் விளையாட்டு, அம்மூன்று காட்சிகளும் மும்முறை திரும்பி வந்து இறுதியில் ஒன்றோடொன்று பின்னுதல் என்பது இதன் பொது அமைப்பு. 'ட்ரூத் இன் காமெடி' இவ்வமைப்பை விளக்கி, நடிப்பவர் வேடிக்கை செய்ய முயலாது உண்மையாக இருப்பின் நகைச்சுவை தானே விளையும் என வற்புறுத்துகிறது. (க்ளோஸ் 1999இல் மறைந்தபோது, தம் மண்டையோட்டை ஹாம்லெட் நாடகத்தில் பயன்படுத்துமாறு குட்மன் அரங்கிற்கு எழுதிவைத்தார். அரங்கிற்கு வழங்கப்பட்டது அவருடையதன்று, விலைக்கு வாங்கப்பட்டது என்பது 2006இல் வெளியாயிற்று. நகைச்சுவையில் உண்மையைப் போதித்தவருக்கு வாய்த்த பின்கதை இது.)

2013ஆம் ஆண்டுக் கையேடு இவ்விரண்டினும் இலக்கணத்தன்மை மிக்கது. காட்சியின் இயல்புநிலையை முதலில் நிறுவுதல், அதில் தோன்றும் முதல் விந்தையை இனங்காணுதல், 'இது உண்மையாயின் வேறெவை உண்மையாகும்' என வினவி அதனை வளர்த்தல் என அது முறைப்படுத்துகிறது. தொடக்க மாணவர்க்கு இம்முறை பெருந்துணை. ஆனால் மேல்நிலை வகுப்பில் கற்பிக்கப்படுவது இதனின் வேறானது. சான்றாக, பார்வையாளர் தந்த சொல் 'சாவி' எனக் கொள்ளலாம். முதற்காட்சியில் ஒருவர் தம் வீட்டு மாற்றுச்சாவியை அண்டை வீட்டாரிடம் தருகிறார். அவரோ நாள்தோறும் புகுந்து நாற்காலியை ஒரு சாண் நகர்த்திவைக்கிறார். அடுத்த காட்சி வங்கியொன்றில், பாதுகாப்பறையின் முன். பயிற்சி குறைந்தவர் அங்கே புதிய வேடிக்கையைத் தேடுவார். தேர்ந்தவரோ ஏதும் தேடாமல் அக்காட்சிக்கு உரியதையே செய்து, உரிய நேரத்தில் பாதுகாப்பறைக் கதவைத் திறப்பார். உள்ளே பணப்பெட்டிகள் ஒரு சாண் நகர்ந்திருக்கும். அரங்கு சிரிக்கும். இச்சிரிப்பு சொல்திறத்தால் வந்ததன்று. பிறர் செய்ததை மறவாமையால் வந்தது. முன்னே புதுமையைத் தேடாது, பின்னே கிடப்பதை மீட்டெடுத்துப் பயன்படுத்த வேண்டும் என 'இம்ப்ரோ' (1979) நூலில் கீத் ஜான்ஸ்டன் விளக்கியதும் இதனையே.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நகைக்கு நான்கு நிலைக்களன் கூறும். நான்கும் ஒருவர்பால் காணப்படும் குறையையோ முதிராமையையோ பற்றுக்கோடாகக் கொண்டவை. மீட்டு நினைத்தலால் தோன்றும் நகையோ எவரையும் குறைத்துக் காண்பதன்று; முன்னர்க் கண்டதைப் பின்னர் வேறிடத்துக் கண்டுகொண்ட பார்வையாளர் தம் நினைவையே வியந்து சிரிப்பது. இதனை அந்நான்கனுள் அடக்குதல் அரிது. நெடுவடிவத்தின் தனிப்பங்களிப்பு இதுவே எனலாம். மூன்று நூல்களும் இதனைத் தொட்டுச் செல்கின்றன அல்லது பயன்படுத்துகின்றன. 

இனி, முரண் யாதெனில், மூன்று நூல்களுக்கும் பின்னே நிற்கும் பயிற்சி மரபில் 'ஆம், மேலும்' என்பது அடிப்படை நெறி: உடன் நடிப்பவர் கூறியதை மறுக்காது ஏற்று, தம் பங்கைச் சேர்த்தல். பாத்திரம் மறுக்கலாம், நடிகர் மறுக்கலாகாது என்னும் நுட்பமான வேறுபாடு மேல்நிலையில் வற்புறுத்தப்படும். மேடையில் இருவருக்கும் நிகர்நிலை தரும் நெறி இது. ஆனால் அவ்விருவரையும் வகுப்பிற்குச் சேர்ப்பதும், அடுத்த நிலைக்கு ஏற்றுவதும், அரங்கின் குழுக்களில் அமர்த்துவதும் ஆசிரியரும் நிறுவனமுமே. எண்ணிட்ட நிலைகளைக் கடந்து, ஆசிரியர் இசைவும் பெற்றே மேல்நிலை வகுப்பை அடையும் முறை நியூயார்க்கில் நெடுநாள் வழங்கியது. ஸ்போலின் களைய முயன்ற பாராட்டும் பழிப்பும், காட்சி முடிந்தபின் ஆசிரியர் கூறும் குறிப்புரையாக மீண்டும் வந்துவிடுகின்றன. உடன் நடிப்பவர் தம் இனத்தையோ பாலையோ இழிவுபடுத்தும் வண்ணம் ஒரு பாத்திரத்தைச் சுமத்தும்போது, மாணவர் அதனை மறுத்தால் நெறி பிழைத்தவர் ஆகிறார். ஏற்றால் இழிவைத் தாமே வளர்த்தவர் ஆகிறார். அதனைக் கண்டு குறிப்புரை வழங்குபவரோ அவர் அடுத்த நிலைக்கு உரியவரா எனத் தீர்மானிப்பவர்.

இது கற்பனைச் சிக்கல் அன்று. 2020 ஜூனில் செகண்ட் சிட்டியில் இனப்பாகுபாடு நிலவியதாக நடிகர்கள் வெளிப்படையாகக் குற்றம் சாட்டியதைத் தொடர்ந்து, அதன் தலைமை நிர்வாகி ஆண்ட்ரூ அலெக்சாண்டர் பதவி விலகினார். ஐ.ஓ. எனப் பெயர் மாறியிருந்த இம்ப்ரோவ் ஒலிம்பிக் அரங்கிடமும் அதே மாதத்தில் நடிகர்கள் சீர்திருத்தம் கோரினர். மேடையில் எதற்கும் 'ஆம்' எனப் பழகியோர், மேடைக்கு வெளியே தம் மறுப்பைக் கடிதங்களாக எழுத வேண்டியதாயிற்று. அவ்வாண்டில் மூடப்பட்ட ஐ.ஓ. 2022இல் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கும் பிற அரங்குகளிலும் படிநிலை வகுப்புகள் தொடர்கின்றன. ஸ்போலின் எழுப்பிய வினா, மாணவரை மேல்நிலைக்குத் தேர்ந்தெடுக்கும் முறையை நோக்கியும் கேட்கப்பட வேண்டியது.