எந்த ஃபைல் யாருடையது?

ஜெரார்ட் பீக்மன்ஸ் 1999இல் தொடங்கிய 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்', அடிப்படையில் ஒரு புத்தகம். அதைப் பார்த்துப் பார்த்து, கம்பைலர் தொடங்கி ஷெல் வரை எல்லாவற்றையும் சோர்ஸிலிருந்து நாமே கட்ட வேண்டும். கட்டி முடிப்பதில் ஒரு சுகம் உண்டுதான். ஆனால் கைத்திறன் தெரிவது அதற்குப் பிறகு, அப்கிரேடில்.

டெபியன்காரர்களுக்கு அதற்கு ஆப்ட் என்ற பேக்கேஜ் மேனேஜர் இருக்கிறது. இங்கே புத்தகம் எந்தப் பேக்கேஜ் மேனேஜரையும் திணிப்பதில்லை. வழிகளைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. எல்லாவற்றையும் மனதிலேயே வைத்துக்கொள்வதும் அந்தப் பட்டியலில் உண்டு!

எனக்குப் பிடித்தது 'பேக்கேஜ் யூசர்' முறை. ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு யூசர் கணக்கு. இன்ஸ்டால் செய்வது ரூட் அல்ல, அந்த யூசர். பொது டைரக்டரிகளில் ஸ்டிக்கி பிட் போட்டிருப்பதால், ஒரு பேக்கேஜ் இன்னொன்றின் ஃபைல்மேல் எழுதப் போனால் அங்கேயே எரர் வந்து நின்றுவிடும். எந்த ஃபைல் யாருடையது என்று அறியத் தனி டேட்டாபேஸ் வேண்டாம். 'எல்எஸ்' கட்டளை காட்டும் சொந்தக்காரர் பெயரே போதும். யூனிக்ஸில் ஆதியிலிருந்தே இருக்கும் வசதியை இப்படித் திருப்பிப் போட்ட மூளையை மெச்சாமல் இருக்க முடியாது.

இனி அப்கிரேடுக்கு வருவோம். கெர்னலை மாற்றினால் மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை. லைப்ரரி அப்படியல்ல. ஓப்பன்எஸ்எஸ்எல் 2021இல் 3.0 ஆனபோது, அதன் லைப்ரரி ஃபைல் பெயரின் வாலில் இருந்த 1.1 போய் 3 வந்தது. பெயர் வேறு என்பதால் பழையதும் புதியதும் ஒரே டைரக்டரியில் சண்டையில்லாமல் இருக்கும். 'ரீட்எல்ஃப்' கொண்டு யார் யார் இன்னும் பழையதைக் கேட்கிறார்கள் என்று பார்த்து, ஒவ்வொன்றாக மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். கர்லின் லைப்ரரி முதலில், அதை நம்பியிருக்கும் கிட் பிறகு. வரிசை தப்பினால் ஒரே நிரல் இரண்டு பதிப்புகளையும் இழுத்துக்கொண்டு தடுமாறலாம். கேட்க ஆளில்லை என்று உறுதியான பிறகே பழையதை அழிக்கலாம்.

பெயர் மாறாத லைப்ரரியிலும் ஒரு நயம் உண்டு. பயன்பாட்டில் இருக்கும் ஃபைல்மேல் 'சிபி' கொண்டு எழுதினால், அதைப் பயன்படுத்தும் நிரல்கள் கவிழக்கூடும். 'இன்ஸ்டால்' கட்டளை பழையதை நீக்கிவிட்டுப் புதியதை வைக்கும். ஓடும் நிரல்கள் பழைய பிரதியைப் பிடித்தபடியே தம் வேலையை முடித்துக்கொள்ளும்.

சி லைப்ரரியான ஜிலிப்சி மட்டும் விதிவிலக்கு. ஏறக்குறைய எல்லாமே அதன்மேல் நிற்பதால், அதை மாற்றுவதைவிட முழு சிஸ்டத்தையும் புதிதாகக் கட்டுவதே பத்திரம். கட்டுவதை ரசிப்பவருக்கு அது தண்டனையா என்ன?