கீழாநெல்லி: பாதியில் நின்ற கதை

மஞ்சட்காமாலை என்றதும் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, அரைத்து, மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுப்பது நம் ஊர்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். இச்செடியைப் பற்றி வெளிவரும் கட்டுரைகள் பலவற்றில் ஒரு பெருங்குறை உண்டு. விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது என்று கூறி, 1988ஆம் ஆண்டோடு அவை கதையை முடித்துவிடுகின்றன.

அவ்வாண்டு நடந்தது என்ன? ஹெபடைடிஸ்-பி வைரஸை உடலில் சுமந்திருந்தவர்களுள் ஒரு பிரிவினருக்குக் கீழாநெல்லிப் பொடியையும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் பொடியையும் சென்னையில் தியாகராஜன் குழுவினர் 30 நாட்கள் கொடுத்தனர். பிறகு சோதித்தபோது, செடியை உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணப்படவில்லை. மற்ற 23 பேரிலோ ஒருவருக்கு மட்டுமே அது மறைந்திருந்தது. இவ்வைரஸைக் கண்டறிந்து, 1976இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பர்க்கும் இவ்வாய்வில் பங்குகொண்டார். ஆயினும், இது முதற்கட்ட ஆய்வு என்றே அவர்கள் 'லான்செட்' இதழில் எழுதினர்.

கட்டுரைகள் சொல்லாமல் விடுவது இதன் பிற்பகுதி. 1990இல் தாய்லாந்திலிருந்தும், 1994இல் நியூசிலாந்திலிருந்தும் வெளியான ஆய்வுகளில் அப்பலன் கிட்டவில்லை. செடி விளைந்த மண்ணும் பக்குவமும் வேறு என்பர் சிலர். இருக்கலாம், அதையும் சோதித்துத்தான் காட்டவேண்டும். ஊசலின் அலைவு நேரத்தை ஒரே முறை அளந்து விடை எழுதும் மாணவரை நாம் மீண்டும் அளக்கச் சொல்வதில்லையா?

"எங்கள் மாமாவுக்குக் குணமாயிற்றே" என்று நீங்கள் கேட்கலாம். ஹெபடைடிஸ்-ஏ வகைக் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். செடியை உண்ணாதிருந்தாலும் மாமா குணமடைந்திருப்பாரா என்பதே கேள்வி. வெறும் பொடி உண்ணும் பிரிவு தேவைப்படுவது இதற்காகத்தான்.

இது வெறும் வாதமன்று. பித்தநாளத்தைக் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும். அங்கே காத்திருத்தல் ஆபத்து. ஹெபடைடிஸ்-பி வைரஸோ, வலியேதுமின்றிப் பல்லாண்டு உடலில் தங்கிப் பின்னர் கல்லீரல் புற்றுநோயில் கொண்டுவிடலாம். அதைத் தடுக்கத் தடுப்பூசி உண்டு. குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசி போடவேண்டும். கீழாநெல்லியை நம்பி இவற்றைத் தள்ளிப்போடுவோர்க்கு, பாதிக் கதை முழுத் தீங்காகும்.

எனவே வாசகர்களே, மூலிகைக் கட்டுரை எதைப் படித்தாலும் கேளுங்கள்: எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள்? கொடுக்கப்படாதவர்கள் என்ன ஆனார்கள்? வேறு இடத்தில் செய்தபோதும் அதே விடை வந்ததா?