கப்பல் பெருத்தது, நாற்காலி அதேதான்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966 முதல் 1969 வரை 79 பகுதிகள் ஓடிய தொடர் 'ஸ்டார் ட்ரெக்'. அளந்து கொடுத்த பணம். மூணாம் வருஷம் அதையும் குறைச்சாங்க. சின்னத் திரை, சின்ன அரங்கு. வேறு வழியில்லாமல் காமிரா முகங்களை நெருங்கியது. ஊராவாக நடித்த கறுப்பினப் பெண் நிசெல் நிக்கோல்ஸின் முகம் வீடுவீடாகப் போனது அப்படித்தான். அவர் விலக நினைத்தபோது போகக்கூடாதென்று தடுத்தவர் மார்ட்டின் லூதர் கிங். நிக்கோல்ஸே சொன்ன செய்தி இது.

1979இல் ராபர்ட் வைஸ் அதைச் சினிமாவாக்கினார். செலவு நாலு கோடி டாலருக்கு மேல். இப்போ காமிரா கப்பலின் உலோக உடம்பை நிமிடக்கணக்கில் சுற்றிச்சுற்றி வருது. அழகுதான், மறுக்கலை. ஊரா? அதே தகவல் மேசை, அதே ஓரம். தொடரிலும் அவருக்கு வசனம் குறைவுதான். ஆனா முகம் இருந்துச்சு. பணம் வந்ததும் அந்த இடத்தையும் கப்பல் எடுத்துக்கிச்சு.