"மனிதக் குடும்பம்" ஒளிப்படக் கண்காட்சி: ஒரு திறனாய்வு

மனித இனத்தின் வாழ்வையும் பண்பாட்டையும் ஒளிப்படங்கள் வழியே ஒருசேரக் காட்ட எடுக்கப்பட்ட முயற்சிகளுள் பெரும்புகழ் பெற்றது "தி ஃபேமிலி ஆஃப் மேன்", அதாவது "மனிதக் குடும்பம்" என்னும் கண்காட்சி. இது 1955 சனவரியில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தொடங்கியது. அதன் ஒளிப்படத் துறை இயக்குநர் எட்வர்டு ஸ்டைக்கன் இதை உருவாக்கினார். 68 நாடுகளைச் சேர்ந்த 273 கலைஞர்களின் 503 படங்கள் இடம்பெற்றன. பின்னர் இது உலகின் பல நாடுகளுக்கும் சென்றது. 90 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பார்த்தனர். இந்தியாவிலும் காட்டப்பட்டது.

அமைப்பு

படங்கள் நாடு வாரியாகவோ கால வரிசையிலோ வைக்கப்படவில்லை. காதல், பிறப்பு, உழைப்பு, விளையாட்டு, துயரம், இறப்பு என வாழ்வின் நிலைகளே தலைப்புகளாயின. சத்யஜித் ராயின் "பதேர் பாஞ்சாலி" திரைப்படத்தில் தாயும் அக்காளும் சிறுவன் அப்புவுக்குத் தலை சீவிவிடும் காட்சியும் அவற்றுள் ஒன்று. அந்தப் படத்தின் முன் நிற்கும் எந்த நாட்டுத் தாயும் தன் வீட்டையே நினைத்துக்கொள்வாள். உலகப் போர் முடிந்து பத்தாண்டுகளே ஆகியிருந்த வேளையில், அயலானும் நம்மைப் போன்றவனே என்று மக்களை உணரச் செய்தது சிறிய செயலன்று. இதுவே இக்கண்காட்சியின் முதன்மையான வெற்றி.

குறை

படங்களுக்கு அருகே நாட்டின் பெயரும் எடுத்தவர் பெயரும் இருந்தன. படம் எந்த ஆண்டில், எந்தச் சூழலில் எடுக்கப்பட்டது, அதில் இருப்பவர் யார் என்ற செய்திகள் இல்லை. ஆண்டும் இடமும் இல்லாமல் வரலாற்றுப் பாடம் நடத்த இயலாது என்பதை ஆசிரியர்கள் அறிவர்.

டொரோத்தியா லாங் 1936இல் கலிபோர்னியாவில் பட்டாணி பறிக்க வந்த கூலித் தொழிலாளர் முகாமில் எடுத்த தாயின் படமும் இக்கண்காட்சியில் இருந்தது. இங்கு அது பொதுவான தாய்மைத் துயரமாகத் தெரிந்தது. உண்மையில் அது பொருளாதாரப் பெருமந்தத்தின் துயரம். அதற்குக் காரணங்கள் உண்டு, தீர்வுகளும் உண்டு. அந்தத் தாயின் பெயர் ஃபுளோரன்சு தாம்சன் என்பதே 1970களின் இறுதியில்தான் உலகுக்குத் தெரிந்தது. அதுவரை அவர் முகம் மட்டுமே புகழ் பெற்றிருந்தது.

பிரெஞ்சு அறிஞர் ரோலண் பார்த் 1957இல் வெளியான "மித்தாலஜிஸ்" நூலில் இக்குறையைக் கடுமையாகச் சுட்டினார். பிறப்பும் இறப்பும் எல்லோருக்கும் பொது. ஆனால் குழந்தை எந்த நிலையில் பிறக்கிறது, எவ்வளவு காலம் வாழும் என்பவை வரலாறு தீர்மானிப்பவை என்பது அவர் வாதம். வெள்ளையரால் கொல்லப்பட்ட கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லின் பெற்றோரிடம் இந்தக் குடும்பத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள் என்றும் எழுதினார்.

இந்தக் கண்டனத்தை மெய்ப்பிக்கும் நிகழ்வுகள் கண்காட்சிக்குள்ளேயே நடந்தன. கறுப்பினத்தவர் ஒருவர் கும்பலால் கட்டிவைத்துக் கொல்லப்பட்டதைக் காட்டும் படம், நியூயார்க்கில் தொடங்கிய சில வாரங்களிலேயே அகற்றப்பட்டது. சப்பானில் சேர்க்கப்பட்ட நாகசாகி அணுகுண்டு அழிவின் படங்களும் பின்னர் நீக்கப்பட்டன. கொன்றவர் யார் என்று கேட்க வைக்கும் படங்களுக்கு இந்தக் குடும்பத்தில் இடம் இருக்கவில்லை.

மதிப்பீடு

எனினும் பார்த்தின் முடிவை முழுமையாக ஏற்க இயலவில்லை. பிறர் துயரம் முதலில் நம் நெஞ்சைத் தொட்டால்தான், அதற்குக் காரணம் என்ன என்ற கேள்வி பிறக்கும். அந்த முதற்படியை இக்கண்காட்சி நன்றாகவே செய்தது. அடுத்த படிக்கு வழி வைக்காததுதான் அதன் பிழை. படத்தின் கீழே ஓர் ஆண்டும், ஊரும், இரண்டு வரிச் செய்தியும் சேர்த்திருந்தால் ஒற்றுமை உணர்வு குறைந்திருக்காது, புரிதல் கூடியிருக்கும்.

இன்று இக்கண்காட்சி லக்சம்பர்க் நாட்டின் கிளெர்வோ கோட்டையில் நிலையாக வைக்கப்பட்டுள்ளது. 2003இல் யுனெசுகோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. அப்படங்களைக் காணும் மாணவர்கள், "இவர் நம்மைப் போன்றவர்" என்பதோடு நிறுத்தாமல், "இவருக்கு ஏன் இந்த நிலை?" என்றும் கேட்கப் பழக வேண்டும்.