யார் சொன்னால் சாட்சி?

நம்பத்தகாத கதைசொல்லி என்ற கருத்தை 1961இல் வெய்ன் பூத் முன்வைத்தார். அதை எடுத்தாளும் நம் விமர்சகர்கள், மனசு கலங்கியவர்கள் கதை சொன்னால் சந்தேகத்தோடு படிக்கணும் என்கிறார்கள். சரி, கலங்காமல் சொல்கிறவனை யார் சந்தேகிப்பது? சிலப்பதிகாரத்தை வைத்தே இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

பொற்கொல்லன் பதறாமல், பணிவாகப் பேசுகிறான். பாண்டியனோ ஊடிப்போன தேவியைச் சமாதானம் பண்ணப் போகிற அவசரத்தில் இருக்கிறான். விசாரணை இல்லை, கொலைக்கு உத்தரவாகிறது. கோவலனைப் பார்த்தால் கள்வன் மாதிரி இல்லையே என்று காவலர் தயங்குகிறார்கள். களவு நூல் பேசி அந்தத் தயக்கத்தையும் அவன் போக்கிவிடுகிறான். கண்ணகி வருகிறாள்: விரிந்த தலை, புழுதி படிந்த உடம்பு, கண்ணீர். சிலம்பை உடைத்துப் பரல் தெறித்த பிறகுதான் அவள் சொல் எடுபடுகிறது. பொய்க்கு வாய்வார்த்தையே போதுமாக இருந்தது. உண்மைக்குப் பொருள் சாட்சி தேவைப்பட்டது.

தண்டனையையும் பாருங்கள். தவறிழைத்த அரசன் சிங்காதனத்திலேயே உயிர்விட்டுப் புகழ் பெறுகிறான். பொய் சொன்னவன் ஒருத்தன். அதற்கு வெற்றிவேற் செழியன் கொற்கையில் பலியிட்டது ஆயிரம் பொற்கொல்லர்களை. ஒருவன் குற்றம் சாதியின் குற்றமாகிறது; அரசன் குற்றம் விதியின் தலையில் போகிறது. இதைக் காப்பியம் எந்தக் கலக்கமும் இல்லாமல் சொல்லிக்கொண்டு போகிறது. எனக்கு நம்பிக்கை போவது இந்த இடத்தில்தான்.

அடுத்து, தீ. முலையைத் திருகி எறிந்து நிற்கிறாள் ஒரு பெண். அவள் முன் அக்கினி பார்ப்பனக் கோலத்தில் வந்து யாரை விடுவது என்று கேட்கிறான். பார்ப்பார் தொடங்கிக் குழந்தைகள் வரைக்கும் வரிசை பிசகாமல் சொல்லி, தீயவர் பக்கம் மட்டும் சேரச் சொல்கிறாள். அந்த ஆத்திரத்தில் இவ்வளவு ஒழுங்கான பட்டியல் எப்படி வரும்? அவள் குரல் நிற்கிற இடத்தில் தர்மசாஸ்திரம் பேச ஆரம்பிக்கிறது. கலக்கம் போய் ஒழுங்கு வந்ததுமே கதைசொல்லி மாறிவிட்டார்.

கண்ணகி வையைக் கரையோரமாக நடந்து மலையேறினாள் என்கிறது காப்பியம். அந்த மலை கூடலூருக்கு மேலே இருக்கிற மங்கலதேவி மலைதான் என்பது எங்க கம்பம் பள்ளத்தாக்கு சனங்களின் நம்பிக்கை. சித்ரா பௌர்ணமிக்குப் பளியன்குடி வழியாக ஏறுகிறார்கள். பளியர்கள் அடிவாரத்தில்தான் இருக்கிறார்கள். காப்பியத்திலும் இதே கதைதான். வேங்கை மரத்தடியில் அவளைக் கண்ணால் பார்த்தவர்கள் மலைக்குறவர்கள். செங்குட்டுவன் முன் அவர்கள் சுமந்து வந்த தந்தம், அகில், தேன் எல்லாவற்றுக்கும் நீண்ட பட்டியல் உண்டு. பார்த்ததைச் சொல்ல சில அடிகள்தான். அதற்குப் பொருள் சொல்பவர் சாத்தனார். அவருக்கு எப்படித் தெரியும்? நள்ளிருளில் வெள்ளியம்பலத்தில் கிடந்தபோது மதுரைத் தெய்வம் பேசியதைக் கேட்டாராம், பதிகம் சொல்கிறது. குறவர் வந்து சொன்னது இளங்கோவிடம் என்கிறது பதிகம், செங்குட்டுவனிடம் என்கிறது காட்சிக்காதை. இருட்டில் காதால் கேட்டவர் புலவர் ஆனார். வெளிச்சத்தில் கண்ணால் கண்டவர்கள் காணிக்கை சுமந்தவர்களாகவே நின்றுபோனார்கள்.

இது பழங்கதை மட்டும் இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். கீழ்க்கோர்ட்டில் தண்டிக்கப்பட்ட நிலக்கிழார்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. இவ்வளவு வசதி படைத்தவர்கள் நேரில் போயிருப்பார்களா என்ற ஐயம் அந்தத் தீர்ப்பில் உண்டு. தப்பிப் பிழைத்தவர்களின் சொல் எடுபடவில்லை.

ஒரு தலித் தன்வரலாற்றை எடுத்துக்கொண்டு 'ரொம்ப உணர்ச்சிவசப்பட்டிருக்கு, கலையாகலை' என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அமைதியாக எழுதியவர்களை இதே கண்ணோடு ஒருதரமாவது படித்தீர்களா? படிக்கிற தோழர்களுக்கு ஒரு வேலை. குறவர்கள் கண்டதைக் குறவர் வாய்மொழியிலேயே எழுதிப் பாருங்கள். சாத்தனார் கொஞ்சம் உட்கார்ந்து கேட்கட்டும்.